செத்தால் முடிந்தது: ரோக்லைக் ஆட்டங்களில் நிரந்தர மரணம் எதற்கு?

வெண்கலக்கதவு

ரோக்லைக் என்பது நிலவறையில் தளம் தளமாக இறங்கும் கணினி ஆட்ட வகை. அதில் நெட்ஹேக், டன்ஜன் க்ரால் ஸ்டோன் சூப், ப்ரோக், ஆங்பேண்ட் எதை எடுத்தாலும் ஒரே சட்டம்தான். பாத்திரம் செத்தால் அந்த ஆட்டம் அதோடு சரி, சேவ் ஃபைலிலிருந்து (சேமித்த கோப்பிலிருந்து) தொடரவும் முடியாது. அடுத்த ஆட்டம் முதல் தளத்திலிருந்து, வேறு வரைபடத்தில் தொடங்கும். 1980 வாக்கில் மைக்கேல் டாயும் க்ளென் விச்மனும் எழுதிய 'ரோக்' ஆட்டத்திலேயே இது இருந்தது: சேவ் ஃபைலைத் திறந்த உடனே அந்த ஃபைலை அழித்துவிடும். 2008-இல் வந்த 'பெர்லின் விளக்கம்' ரோக்லைக்கின் முக்கிய அடையாளங்களில் ஒன்றாக இதை வைத்தது.

இதன் கவர்ச்சி என்ன என்று கேட்டால் 'த்ரில்', 'பதற்றம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பதற்றம் வேண்டுமென்றால் திகில் ஆட்டங்கள் போதுமே. பத்து மணி நேரம் வளர்த்த பாத்திரம் ஒரு விசை அழுத்தலில் போவதை விரும்பி ஏற்றுக்கொள்ள வேறு ஏதோ காரணம் இருக்கவேண்டும். எந்த ஆட்டத்தில், எந்தச் சூழலில், எந்தக் கணக்கில் இது வேலை செய்கிறது? உதாரணத்தோடு எழுதுங்கள்.

நிலவறையான்

நெட்ஹேக்கிலிருந்து ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். வால்கிரி என்ற போர்வீராங்கனைப் பாத்திரம், ஆறாம் தளம், அதிகபட்ச ஹெச்பி (உயிர்ப்புள்ளி) 60, இப்போது இருப்பது 30. எதிரே ஒரு சோல்ஜர் ஆன்ட். புதியவர்களைக் கொல்வதில் பெயர்பெற்றது இந்த எறும்பு.

அதன் வேகம் 18, உங்கள் வேகம் 12. ஓடித் தப்ப முடியாது. ஒரு முறைக்கு இரண்டு தாக்குதல்: கடி 2 முதல் 8 வரை, கொடுக்கு 3 முதல் 12 வரை. இரண்டும் பட்டால் அதிகபட்சம் 20. வேகம் 18 என்பதால் சில டர்ன்களில் (ஆட்டமுறைகளில்) அது இரண்டு முறை தாக்கும், அதாவது மோசமான ஒரு டர்னில் 40 போகலாம். கொடுக்கில் விஷமும் உண்டு. அது தனிக் கணக்கு.

உங்கள் கையில் இருக்கும் கடைசி ஆயுதம் பிரார்த்தனை. ஹெச்பி அதிகபட்சத்தில் ஏழில் ஒரு பங்குக்குக் கீழே போனாலோ, 6-க்குக் கீழே போனாலோதான் அதைப் பெரிய ஆபத்தாகக் கடவுள் ஏற்பார். 60-இல் ஏழில் ஒரு பங்கு எட்டரை. ஆக, 8 அல்லது அதற்கும் கீழே. ஆனால் எறும்பு உங்களை 30-இலிருந்து நேராகச் சுழியத்துக்குக் கொண்டுபோக முடியும், நடுவில் 8 என்ற படியில் நிற்காமலே. 'ஹெச்பி குறைந்ததும் பிரார்த்தனை செய்துகொள்ளலாம்' என்று நினைப்பவர் சாகும் இடம் இந்த 9-க்கும் 40-க்கும் இடைப்பட்ட இடைவெளிதான்.

ஆகவே முடிவெடுக்கவேண்டிய நேரம் ஹெச்பி 10 அல்ல, 40. நாற்பதில் பார்க்கும்போது மூன்றில் இரண்டு பங்கு உயிர் இருப்பதால் ஆபத்தே இல்லாதது போலத் தோன்றும். சேவ் போட்டு ஆடும் ஆட்டத்தில் இந்தக் கணக்கை யாரும் போடமாட்டார்கள், போடவேண்டிய அவசியமும் இல்லை. அடித்துப் பார்த்து, செத்தால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். நிரந்தர மரணம் இருந்தால்தான் எறும்பின் வேகம் 18 என்ற எண்ணுக்கே அர்த்தம் வருகிறது. என் பதில் இதுதான்: ஆட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் எண்களையும் பொருள்களையும் உண்மையாக்குவது மரணம். அதை எடுத்துவிட்டால் பையிலிருக்கும் பாதிப் பொருள்களுக்கு வேலையே இல்லை.

மாலைவெயில்

//ஆகவே முடிவெடுக்கவேண்டிய நேரம் ஹெச்பி 10 அல்ல, 40//

கணக்கு சரி. ஆனா எறும்பின் வேகம் 18னு ஆட்டம் எங்கேயும் சொல்றதில்லையே நண்பரே. அது தெரியணும்னா விக்கி படிக்கணும், இல்ல சில முறை சாகணும். காக்கட்ரைஸ்ங்கற, தொட்டா கல்லாக்கற பிராணி இன்னும் மோசம். கையுறை இல்லாம வெறுங்கையால அடிச்சா உடனே கல்லு. அதோட பிணத்தைக் கையுறை போட்டு ஆயுதமா பிடிக்கலாம். ஆனா சுமை அதிகமா இருக்கறப்ப படியில இறங்கி உருண்டா, பிணம் உடம்புல பட்டு அப்பவும் கல்லு. மிதக்கும் கண் இன்னொரு உதாரணம்: அது தானா அடிக்காது, சும்மா மிதக்கும். நீங்க கிட்டப் போய் அடிச்சா அதன் பார்வையில உறைஞ்சு போவீங்க, நூறு டர்னுக்கு மேலயும் போகலாம். அந்த வழியா வர்ற எலி கூட உங்களைக் கொன்னுடும்.

இதெல்லாம் முடிவெடுக்கும் திறமை இல்ல, தகவல் தெரியுமா தெரியாதாங்கற சோதனை. தகவல் தெரியாததுக்கு இருபது மணி நேரத்தைப் பறிக்கறது நியாயமான வடிவமைப்புன்னு எனக்குத் தோணல.

நிலவறையான்

இந்தக் குறை நெட்ஹேக்குக்குப் பொருந்தும், மறுக்கவில்லை. 1987-இலிருந்து பலர் கைபட்டு வளர்ந்த ஆட்டம் அது. விதிவிலக்குக்கு மேல் விதிவிலக்காகச் சேர்ந்திருக்கிறது. ஆனால் அதே ஆட்டம் தகவலைத் தேடிக்கொள்ள மலிவான வழிகளையும் தருகிறது. அவற்றைப் பயன்படுத்துவதுதான் அதன் பாதி இன்பம்.

தெரியாத வாண்ட் (மந்திரக்கோல்) கிடைத்தால் எதிரி மேல் வீசிப் பார்க்காதீர்கள். முதலில் விரலால் தரைத் தூசியில் ஒரு எழுத்து எழுதுங்கள். பிறகு அதே கட்டத்தில் அந்த வாண்டால் எழுத முயலுங்கள். தோண்டும் வாண்ட் என்றால் அப்போதே பெயர் தெரிந்துவிடும். தரையில் ஊரும் பூச்சிகள் அசையாமல் நின்றன என்று செய்தி வந்தால் அது உறக்கமோ மரணமோ, இரண்டில் ஒன்று. இரண்டுமே தப்பிக்க உதவும். முன்பு எழுதியது மறைந்துபோனால் டெலிபோர்ட், கேன்சல், மறைய வைத்தல் என்று மூன்றுக்குள் சுருங்கும். முதலில் ஒரு எழுத்து எழுதச் சொன்னது இதற்காகத்தான். மறைய ஒன்றும் இல்லையென்றால் அந்தச் செய்தி வராது.

சபிக்கப்பட்ட பொருளா என்று அறிய வளர்ப்புப் பிராணி போதும். நாயோ பூனையோ அந்தப் பொருள் மேல் தயங்கியபடி கால் வைத்ததாகச் செய்தி வந்தால் அதை அணியாதீர்கள். கடை இருந்தால் விலை கேளுங்கள். அடிப்படை விலை 20 உள்ள ஸ்க்ரோல் (மந்திரச் சுருள்) 'ஐடென்டிஃபை', பொருளை அடையாளம் காட்டுவது. அதுதான் மிக அதிகமாகக் கிடைக்கும் ஸ்க்ரோலும்.

இவை எல்லாவற்றுக்கும் சில டர்ன்களும் பொறுமையும்தான் செலவு. மறுபடி ஏற்ற முடிகிற ஆட்டத்தில் யாரும் இதைச் செய்யப்போவதில்லை. வாண்டை வீசிப் பார்த்துவிட்டு ஃபைலைத் திரும்ப ஏற்றுவார்கள்.

குறிஞ்சிக்கல்

மாலைவெயில் சொன்ன குறைக்கு க்ரால் ஆட்டம் நேரடியாகவே பதில் சொல்லியிருக்கிறது. 1997-இல் லின்லி ஹென்செல் வெளியிட்டது. 2006 முதல் ஸ்டோன் சூப் என்ற பெயரில் ஒரு குழு தொடர்கிறது. ஆட்டத்துக்குள்ளேயே எதிரியைத் தேர்ந்து விவரம் பார்க்கலாம்: உங்களை எத்தனை சதவீதம் அடிக்க வாய்ப்பு, அதிகபட்சச் சேதம் எவ்வளவு, என்ன மந்திரம் தெரியும், எல்லாம் திரையில் வரும். அலுப்பூட்டும் வேலை எதுவும் வெற்றிக்கு உதவக்கூடாது என்பது அந்தக் குழுவின் கொள்கை. 2021-இல் வந்த 0.26 பதிப்பில் பசி முறையையே நீக்கிவிட்டார்கள். ஒரே விசையில் தளம் முழுக்கத் தானாகச் சுற்றிவரும் வசதியும் உண்டு.

சாவு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் 'தெரியாமல் செத்தேன்' என்று சொல்ல இடமில்லை. ஆரம்பத் தளங்களில் சிக்மண்ட் வருவான், குழப்பும் மந்திரமும் அரிவாளுமாக. அவன் திரையில் தெரிந்த கணத்திலேயே படி எங்கே என்று பார்த்துவிடவேண்டும். அடுத்த கட்டத்தில் நிற்கும் எதிரி உங்களோடு படியேறும் என்பது க்ராலின் விதி. சிக்மண்ட் ஒட்டி நிற்கும்போது படியேறினால் தப்பமுடியாது, அவன் இரண்டு மூன்று கட்டம் தள்ளி இருக்கும்போதே ஏறவேண்டும். அதே விதி கூட்டத்துக்கு எதிராக உங்களுக்குச் சாதகம்: ஐந்து ஓர்க் வந்தால் ஒன்று மட்டும் ஒட்டி நிற்கும் சமயம் பார்த்துப் படியேறி, அதை மேலே தனியாகக் கொல்லலாம்.

க்ராலில் சாகிற புதியவர்களின் பையைப் பாருங்கள். வேறிடத்துக்குத் தாவவைக்கும் டெலிபோர்ட் ஸ்க்ரோல் 2, சிறு தூரம் தாவும் ப்ளிங்க் 1, குணமாக்கும் போஷன் (மருந்து) 3 என்று அப்படியே இருக்கும். பின்னால் பெரிய ஆபத்து வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சேர்த்தவை. மரணம் நிரந்தரமான ஆட்டத்தில் 'பின்னால்' என்பது உறுதியில்லாத சொத்து. நாலாம் தளத்தில் ஓகர் என்ற ராட்சதன் கதாயுதத்தைக் கொண்டு அடிக்க வந்தால் அங்கேயே டெலிபோர்ட் படிப்பதுதான் சரியான விலை.

மாலைவெயில்

க்ரால் விஷயத்துல உடன்படறேன். ஆனா நேரக் கணக்குக்கு இன்னும் பதில் வரல. ஒரு நீண்ட ஆட்டத்துல முதல் பத்து தளத்தை நீங்க நூறு முறை ஆடுவீங்க, கடைசிப் பத்தை ஒரு முறையோ இரண்டு முறையோ பார்ப்பீங்க. கத்துக்கறது எல்லாம் முன்பக்கம் குவிஞ்சு கிடக்கு. ஆங்பேண்ட்ல 100-ஆம் தளம் வரைக்கும் இறங்கணும். 99-ல சௌரோன், 100-ல மோர்கோத். ஆழத்துல மூச்சு வீசற எதிரி ஒரே டர்ன்ல இரண்டு முறை வீசினா முழு ஹெச்பியும் காலி. அந்த இடத்துக்குப் பயிற்சி எங்க கிடைக்கும்?

வெண்கலக்கதவு

நல்ல கேள்வி. நிரந்தர மரணம் கற்றுக்கொடுக்கிறது என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாகவேண்டும்.

நிலவறையான்

இரண்டு வழி. நெட்ஹேக்கில் எக்ஸ்ப்ளோர் மோட் உண்டு: சாகும்போது 'சாகவா?' என்று கேட்கும், வேண்டாம் என்றால் தொடரலாம். அந்த ஆட்டம் மதிப்பெண் பட்டியலில் ஏறாது. விசர்ட் மோடில் விரும்பிய பொருளையும் எதிரியையும் வரவழைத்துப் பார்க்கலாம், விரும்பிய தளத்துக்குத் தாவலாம். கடைசிக் கட்டத்தை அங்கே ஒத்திகை பார்த்துவிட்டு அசல் ஆட்டத்துக்கு வருவதில் ஒரு தவறும் இல்லை. க்ராலிலும் விசர்ட் மோட் இருக்கிறது.

இரண்டாவது வழி, நீளம் குறைந்த ஆட்டம். ஆங்பேண்டைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயமே. ஆனால் அங்கே தளங்கள் நிலையானவை அல்ல. படியிறங்கித் திரும்பினால் புதுத் தளம். எவ்வளவு வேகமாக ஆழம் போவது என்பது முழுக்க உங்கள் கையில். உடல் முடங்காமல் காக்கும் 'ஃப்ரீ ஆக்ஷன்' இல்லாமல் முப்பதாம் தளத்துக்குக் கீழே இறங்காதே என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வது இதனால்தான். கூல் என்ற பிணந்தின்னிப் பேய் தொட்டால் உடல் முடங்கும், முடங்கிய நிலையில் அடுத்தடுத்து அடி விழும், உங்களுக்கு டர்னே வராது. அங்கே சாவு பெரும்பாலும் சண்டையில் முடிவாவதில்லை, படியிறங்கும்போதே முடிவாகிவிடுகிறது.

இரவுப்பூ

நீளம் குறைந்தது என்றால் ப்ரோக். பிரையன் வாக்கர் 2009-இல் வெளியிட்டது. 26-ஆம் தளத்தில் எடுக்கவேண்டிய தாயத்து. எதிரியைக் கொன்றால் அனுபவப் புள்ளி கிடையாது, அதனால் சண்டையைத் தவிர்ப்பதும் முழு வெற்றிதான். பாத்திரம் வளர்வது பெரும்பாலும் பொருளைப் பலப்படுத்தும் என்சான்ட் ஸ்க்ரோலால்தான். அவை தளத்துக்கு இத்தனை என்று உத்தரவாதமாக வரும். அதிர்ஷ்டம் இல்லாததால் கிடைக்கவில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. எந்தப் பொருளில் அவற்றைக் கொட்டுவது என்பதுதான் கேள்வி. பிரித்துப் போட்டால் பதினைந்தாம் தளத்தில் கோப்ளின் படையோ ஓகர் கூட்டமோ முடித்துவிடும். ஒரே பொருளில் போட்டால் அந்தப் பொருளை மையமாக வைத்தே ஆட்டம் முழுக்க ஆடவேண்டும்.

நிரந்தர மரணத்தின் இன்னொரு பக்கம் இங்கே தெரிகிறது. மூன்றாம் தளத்துப் பெட்டக அறையில் ஐந்து பொருளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றவற்றின் கூண்டுகள் மூடிக்கொள்ளும். ஒரு ஆட்டத்தில் தீக்கோல், அடுத்ததில் கூட்டாளி, அதற்கடுத்ததில் கனமான கவசம். பழைய ஆட்டம் முடிந்துபோவதால்தான் அடுத்த தேர்வு வேறாக அமைகிறது. சேவ் ஃபைலோடு அறுபது மணி நேரம் ஆடும் ஆர்பிஜியில் ஒரே பாத்திரத்தை வைத்துக்கொண்டே இருப்போம். மற்ற நாலு வழிகள் கண்ணிலேயே படாது.

நிலவறையை உருவாக்கும் விதை எண்ணைக் கொடுத்து ஒரே நிலவறையை மறுபடி ஆடலாம் என்பதும் படிப்பதற்கு நல்ல வசதி. இரண்டு பேர் ஒரே விதையில் ஆடிவிட்டு, ஏழாம் தளத்தில் நீ ஏன் அந்தக் கைதியை விடுவிக்கவில்லை என்று விவாதிக்கலாம்.

அரும்புமீசை

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். போன்ல ஆடற மாதிரி எதுல ஆரம்பிக்கலாம்? கட்டளை நூறு மனப்பாடம் பண்ணணும்னா கஷ்டம்.

குறிஞ்சிக்கல்

தம்பி, 'ஷாட்டர்ட் பிக்சல் டன்ஜன்' போட்டுக்கோங்க. 2012-ல வந்த பிக்சல் டன்ஜனோட மூல நிரல்ல இருந்து வளர்ந்தது. ஆண்ட்ராய்டுல இலவசம், விளம்பரம் இல்ல, தொட்டு ஆடறது. ஐந்து பகுதி, ஒவ்வொண்ணும் ஐந்து தளம், பகுதி முடிவுல ஒரு தலைவன். 26-ல தாயத்து.

சில விஷயம் மனசுல வெச்சுக்கோங்க. பகுதிக்கு மூணு அப்கிரேட் ஸ்க்ரோல் கண்டிப்பா வரும், அதை ஒரே ஆயுதத்துலயோ கவசத்துலயோ போடுங்க. எதிரி துரத்தினா கதவுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி நில்லுங்க. கதவைத் தாண்டி அது உங்களைப் பார்க்கும் முன்னாடி அடிச்சா திடீர்த் தாக்குதல், தப்பாம விழும். வெட்டவெளியில நின்னு அடிக்கறதுக்கும் இதுக்கும் ரொம்ப வித்தியாசம். ஐந்தாம் தளத்துல 'கூ'ங்கற தலைவன் வரும், ஹெச்பி 100. அது உப்ப ஆரம்பிச்சா பெரிய அடி வரப்போகுதுன்னு அர்த்தம், உடனே விலகிடுங்க. தண்ணியில நின்னா அது தன்னைக் குணப்படுத்திக்கும், அதனால தரைக்கு இழுத்துட்டு வந்து அடிங்க.

தெரியாத ஸ்க்ரோலை எதிரி பக்கத்துல இல்லாதப்ப, ஹெச்பி முழுசா இருக்கறப்ப படிங்க. சாகப்போற நேரத்துல 'எதாவது நல்லது வருமா'ன்னு படிக்கறதுதான் புதுசா ஆடறவங்க எல்லாரும் செய்யறது. அது தூங்க வைக்கலாம், எதிரிகளைக் கூப்பிடலாம்.

தச்சன்குறி

ஆட்டம் எழுதுபவர்கள் பக்கத்திலிருந்து சில சொல்கிறேன். நிரந்தர மரணம் என்பது ஒரு வரி நிரல் அல்ல. தவறாக எழுதினால் ஆட்டக்காரர் தன் பிழையால் அல்லாமல் மென்பொருளின் பிழையால் சாவார். அதை யாரும் மன்னிக்கமாட்டார்கள்.

முதல் முடிவு, சேவ் ஃபைலை எப்போது அழிப்பது? நெட்ஹேக் ஏற்றும்போதே அழிக்கும். நகலெடுக்காதவரை ஒரே சேவ் ஃபைலை இரண்டு முறை பயன்படுத்த முடியாது. ஆனால் நடுவில் மின்சாரம் போனால் ஆட்டமே போய்விடும். அதற்காகத்தான் நெட்ஹேக் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி ஃபைலாக எழுதிக்கொண்டே போகிறது. ஆட்டம் முறிந்தால் 'ரிகவர்' என்ற தனி நிரல் அவற்றை ஒட்டவைத்து சேவ் ஃபைலாக்கித் தரும். மற்ற வழி, சாகும்போது மட்டும் அழிப்பது. போனில் இதுதான் சரிப்படும், ஏனென்றால் பின்னணிக்குப் போன செயலியை இயங்குதளம் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடும். செயலி மறையும் கணத்தில் சேவ் எழுதியாகவேண்டும்.

எழுதும் முறை முக்கியம். பழைய ஃபைலின் மேலேயே எழுதினால் பாதியில் நின்றுவிட்ட ஃபைல்தான் மிஞ்சும். தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி, வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்து, பிறகு பெயரை மாற்றவேண்டும். பெயர் மாற்றம் முழுதாக நடக்கும் அல்லது நடக்காது, இடைநிலை கிடையாது.

அடுத்து, சமவாய்ப்பு எண் இயந்திரத்தின் (ரேண்டம் எண் தரும் நிரலின்) நிலையையும் சேவ் ஃபைலில் சேர்த்து வைக்கவேண்டும். வைக்காவிட்டால் வெளியேறித் திரும்ப வந்தால் அடுத்த அடியின் பலன் மாறிவிடும். ஆட்டக்காரர் நல்ல பலன் வரும்வரை அதையே செய்வார். வைத்தாலும் ஒரு ஓட்டை உண்டு. 'ஸ்லே தி ஸ்பயர்' என்ற சீட்டாட்ட வகை ரோக்லைக்கில் சண்டை நடுவே வெளியேறித் திரும்பினால் அந்தச் சண்டை தொடக்கத்திலிருந்து, அதே சீட்டு வரிசையில் வரும். எந்தச் சீட்டு எப்போது வரும் என்று தெரிந்துகொண்டு ஆடலாம். இதை அடைக்கவேண்டுமென்றால் ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் எழுதவேண்டும்.

தளம் உருவாக்கும் எண் ஓட்டத்தையும் சண்டைக்கான எண் ஓட்டத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். ஒரே ஓட்டமாக இருந்தால், இரண்டாம் தளத்தில் ஒரு எலியைக் கூடுதலாக ஒருமுறை அடித்தாலே மூன்றாம் தளத்தின் வரைபடம் மாறிவிடும். விதை எண் கொடுத்தும் பயன் இருக்காது.

ப்ரோக் செய்திருப்பது அழகான வேலை. அதன் சேவ் ஃபைல் உலகத்தின் படம் அல்ல. விதை எண்ணும் நீங்கள் அழுத்திய விசைகளின் வரிசையும்தான். ஏற்றும்போது ஆட்டத்தை முதலிலிருந்து வேகமாக மறுபடி ஆடிக் காட்டி, விட்ட இடத்தில் நிறுத்தும். அதே ஃபைல் செத்த பிறகு பார்க்கும் பதிவாகவும் ஆகிறது. குறை, விதிகள் ஒரு துளி மாறிய புதுப் பதிப்பில் பழைய பதிவு தடம் புரண்டுவிடும்.

மாலைவெயில்

//நல்ல பலன் வரும்வரை அதையே செய்வார்//

சேவ் ஃபைலை நகலெடுத்து ஆடறவங்களை ஏன் இவ்வளவு குறை சொல்றீங்க? தனியா வீட்டுல ஆடற ஆட்டம். யாருக்கு என்ன நஷ்டம்?

தச்சன்குறி

யாருக்கும் நஷ்டம் இல்லை, குறையும் சொல்லவில்லை. ஆட்டத்தின் சமநிலை எப்படிச் சிதைகிறது என்பதுதான் என் கவலை. ரோக்லைக்கில் எதிரியின் பலம் எல்லாம், ஆட்டக்காரர் சந்திப்புகளில் ஒரு பகுதியைத் தவிர்த்துவிடுவார் என்ற கணக்கில் அமைந்திருக்கிறது. நகலெடுத்து ஆடுபவர் எதையும் தவிர்ப்பதில்லை, ஒவ்வொன்றையும் வெல்லும்வரை மோதுகிறார். அதனால் தப்பிக்கும் பொருள்கள் குவிகின்றன, ஆனால் எப்போது பயன்படுத்துவது என்ற பழக்கம் வருவதில்லை. பிற்பகுதியில் ஒரே டர்னில் கொல்லும் எதிரிகள் வரும்போது ஐம்பது முறை ஏற்றவேண்டியிருக்கும். அந்த அலுப்பில்தான் பலர் ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்கள்.

ஒத்திகைக்கு எக்ஸ்ப்ளோர் மோட் இருக்கிறது. அது வடிவமைத்தவர்களே வைத்த கதவு.

இரவுப்பூ

'செத்தால் எல்லாம் போகவேண்டும்' என்பதில் ஒரு நடுவழியும் இருக்கிறது. 2013-இல் வந்த 'ரோக் லெகசி', 2020-இல் முழுதாக வந்த 'ஹேடஸ்' இரண்டும் அந்த வகை. செத்தாலும் சேர்த்த ஒன்று கைவசம் நிற்கும், அதைக் கொண்டு அடுத்த ஓட்டத்துக்குப் பலம் வாங்கலாம். இதை ரோக்லைட் என்று பிரித்துச் சொல்கிறார்கள்.

ஹேடஸில் கதை நகர்வதே சாவினால்தான். வீட்டுக்குத் திரும்பினால் புதுப் பேச்சு காத்திருக்கும். அது தனி அழகு. ஆனால் பலம் ஏறும் முறையில் ஒரு மங்கல் இருக்கிறது: இருபதாவது ஓட்டத்தில் வென்றால் நீங்கள் தேறினீர்களா, பாத்திரம் தேறியதா என்று பிரித்துச் சொல்லமுடியாது. க்ராலிலோ ஸ்பெலங்கியிலோ முதல் ஆட்டத்தின் தொடக்கப் பாத்திரமும் ஆயிரமாவது ஆட்டத்தின் தொடக்கப் பாத்திரமும் ஒன்றுதான். மாறியது உங்கள் தலைக்குள் இருப்பது மட்டும்.

ஸ்பெலங்கி டர்ன் முறை ஆட்டம் அல்ல, ஆனாலும் இதற்கு நல்ல சாட்சி. 4 இதயம், 4 குண்டு, 4 கயிறு, எப்போதும் அதே தொடக்கம். அம்புப் பொறி 2 இதயத்தை எடுக்கும். சுவரில் அதன் முகம் தெரிந்தால் ஒரு கல்லையோ பானையையோ முன்னால் எறிந்து அம்பை வெளியேற்றிவிட்டு இறங்கவேண்டும். அதிக நேரம் தங்கினால் பேய் வரும்: எச்டி பதிப்பில் இரண்டரை நிமிடம், இரண்டாம் பாகத்தில் மூன்று நிமிடம். ஆகவே நிதானமும் வேகமும் ஒன்றையொன்று இழுக்கும்.

வெண்கலக்கதவு

//மாறியது உங்கள் தலைக்குள் இருப்பது மட்டும்//

அப்படியென்றால் செத்த ஆட்டத்திலிருந்து அதை எப்படி எடுப்பது? 'அடுத்தமுறை கவனமாக ஆடு' என்பது உதவாத அறிவுரை.

குறிஞ்சிக்கல்

க்ராலில் சாகும்போது 'மார்க்' (morgue, பிணவறை) என்ற உரைஃபைல் எழுதப்படும். பையில் இருந்தவை, கடைசிச் செய்திகள், சாகும்போது திரையில் இருந்த வரைபடம், எந்த டர்னில் எந்தத் தளத்தில் என்ன நடந்தது என்ற குறிப்பு, திறன்கள் எந்த நிலையில் ஏறின என்ற அட்டவணை எல்லாம் அதில் இருக்கும். இதைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். கொன்ற அடியில் நிற்காதீர்கள். கடைசியாக ஹெச்பி முக்கால் பங்குக்கு மேல் இருந்த டர்ன் எது என்று கண்டுபிடியுங்கள். அந்த டர்னில் திரையில் என்னென்ன எதிரி, பையில் என்னென்ன தப்பிக்கும் பொருள், படி எவ்வளவு தூரம்? பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும், கொன்ற அடிக்கு எட்டுப் பத்து டர்ன் முன்னால். இன்னும் மேலே போனால் சில சமயம் ஆழம் தெரியாமல் இறங்கியதோ, ஆயுதத் திறனுக்குப் பதில் ஐந்து வகை மந்திரத்தில் அனுபவத்தைச் சிதறவிட்டதோ தெரியும்.

மினோட்டார் பெர்சர்க்கர் எடுத்து ஆடுபவர்களின் மார்க்கில் ஒரே மாதிரி வரும் ஒன்று: வெறி ஏற்றிச் சண்டையிட்டார்கள், வெறி இறங்கியதும் உடல் மந்தமானது, அந்த நேரத்தில் இரண்டாவது கூட்டம் வந்தது. வெறியில் இருக்கும்போது ஸ்க்ரோல் படிக்கவோ போஷன் குடிக்கவோ முடியாது. ஆகவே வெறி ஏற்றும் முன் எதிரிகளை ஏற்கெனவே சுற்றிப்பார்த்த பகுதிக்கு, முடிந்தால் ஒரு வழிப்பாதைக்கு, இழுத்து வந்திருக்கவேண்டும்.

நிலவறையான்

நெட்ஹேக்கில் செத்ததும் உங்கள் பொருள்களை அடையாளம் காட்டவா என்று கேட்கும். தயவுசெய்து ஆம் என்று அழுத்துங்கள். பெயர் தெரியாமல் நாலு தளமாகச் சுமந்த வாண்ட் உறக்க வாண்ட் என்று அந்தத் திரையில் தெரியவரும். எறும்பை ஒரே வீச்சில் படுக்கவைத்திருக்கும் வாண்ட். தூசியில் எழுதிப் பார்க்கும் வேலையை அதன்பிறகு யாரும் தள்ளிப்போடமாட்டார்கள்.

பிரார்த்தனைக்கும் கணக்கு சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் அங்கேதான் விழுகிறார்கள். ஆட்டம் தொடங்கும்போது காத்திருப்பு எண் 300. டர்னுக்கு ஒன்றாகக் குறையும். முதல் 300 டர்ன் கடந்தபின் பெரிய ஆபத்தில் செய்தால் பலிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை செய்தபின் ஆயிரம் டர்ன் விடுங்கள். பசியில் 'வீக்' என்று வந்தால் அதுவும் பெரிய ஆபத்துதான், அப்போது செய்யலாம். வெறும் 'ஹங்ரி' போதாது. அதிர்ஷ்டம் எதிர்மறையாக இருந்தால் எந்த நிலையிலும் பலிக்காது. வளர்த்த நாயையோ உங்களோடு பகையில்லாத உயிரையோ கொன்றவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். நெட்ஹேக்கின் நரகமான கெஹென்னத்துக்குள் பிரார்த்தனையே கூடாது.

அரும்புமீசை

பழைய நெட்ஹேக் வழிகாட்டி எல்லாத்துலயும் தரையில 'எல்பெரெத்'ங்கற சொல்லை எழுதினா போதும், எதுவும் கிட்ட வராதுன்னு போட்டிருக்கே. எறும்புக்கு அதைச் செய்யலாமா?

நிலவறையான்

செய்யலாம், எறும்பு அதை மதிக்கும். ஆனால் நீங்கள் படித்தது 3.4.3 பதிப்புக் காலத்து வழிகாட்டியாக இருக்கும். 2015 கடைசியில் வந்த 3.6 வரிசையில் விதி மாறிவிட்டது.

தூசியில் விரலால் எழுதும்போது ஒவ்வொரு எழுத்தும் 25-இல் ஒரு வாய்ப்பில் சிதையும். ஆங்கிலத்தில் எட்டு எழுத்து. எட்டும் சரியாக விழ வாய்ப்பு சுமார் 72 சதவீதம்தான். எழுதியபின் கீழே பார்த்துப் படித்துச் சரிபாருங்கள். முன்பு ஒரே கட்டத்தில் அதை இரண்டு மூன்று முறை சேர்த்து எழுதி வைப்பார்கள். 3.6-இல் அந்தக் கட்டத்தில் அந்தச் சொல் மட்டுமே இருக்கவேண்டும், வேறு எழுத்து சேர்ந்தால் பலிக்காது. ஏற்கெனவே ஏதாவது எழுதியிருந்தால் அதைத் துடைத்துவிட்டு எழுதவா என்று கேட்கும்போது துடைக்கச் சொல்லுங்கள். ஒரு எதிரி அதைக் கண்டு மிரளும் ஒவ்வொரு முறையும் ஏழில் ஒரு வாய்ப்பில் எழுத்து அழியும். அதன் மேல் நின்று நீங்கள் வாளால் அடித்தால் அப்போதே அழியும். மனிதர்களும் மினோட்டாரும் அதை மதிக்கமாட்டா.

ஆக, 30 ஹெச்பியில் எறும்பின் முன் எழுதத் தொடங்கினால் ஏறக்குறைய நாலில் ஒரு முறைக்கு மேல் எழுத்து பிழையாகி, நீங்கள் ஒரு டர்னை இழந்திருப்பீர்கள். 50-இல் எழுதுங்கள். சரியாக விழுந்தால் அங்கேயே நின்று ஹெச்பி ஏறக் காத்திருக்காதீர்கள், முதல் தளங்களில் அது மிக மெதுவாகத்தான் ஏறும். அந்த இடைவேளையைத் தெரியாத ஸ்க்ரோலைப் படிக்கவோ, தோண்டும் வாண்ட் இருந்தால் கீழ்நோக்கி வீசி அடுத்த தளத்துக்கு இறங்கவோ பயன்படுத்துங்கள். துளை விழுந்ததும் நீங்கள் மட்டும் கீழே போவீர்கள், ஒட்டி நின்றாலும் எறும்பு கூட வராது.